அட்டை அப்பா

சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். நாலாவது நாற்காலியில் அப்பா. அவர் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை. எப்படிப் பேசுவார்? அட்டையில் ஒட்டிய புகைப்படம் அல்லவா!

வேடிக்கைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், வாசகிகளே. 2006-ம் வருஷ வாக்கில், அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்துத் தேசியக் காவல் படையினர் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் அனுப்பப்பட்டபோது, இடுப்புக்கு மேல் அவர்கள் படத்தை ஆள் அளவுக்கு அச்சடித்து வீட்டாருக்குக் கொடுத்தார்கள். 'ஃபிளாட் டாடி' என்று அதற்குச் செல்லப் பெயர். சில வீடுகளில் அதைக் காரில் உட்கார்த்தி வைத்து, பெல்ட்டும் மாட்டி அழைத்துப் போனார்கள்! சிரிக்கலாம்தான். ஆனால், 2007-ல் தரைப்படையினர் ஒரு தடவை போனால் 15 மாதம் என்று நீட்டிவிட்டார்கள். தொட்டிலில் விட்டுப் போன குழந்தை, திரும்பி வரும்போது ஓடி விளையாடும். முகமாவது மறக்காமலிருக்கட்டுமே!

போர்முனைக்குப் போனவருக்கு ஆபத்து. அது தெரிந்த விஷயம். வீட்டிலிருக்கும் குழந்தைக்கு என்ன ஆபத்து? 2007-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. குழந்தைகளுக்குக் கொடுமையோ கவனிப்பின்மையோ நேர்ந்தது ஊர்ஜிதமான 1,771 பட்டாளத்துக் குடும்பங்களின் பதிவுகளைப் பரிசீலித்தார்கள். கணவன் போர்முனையிலிருந்த நாட்களில், வீட்டிலிருந்த தாய் குழந்தையைக் கவனியாமல் விட்டது ஏறக்குறைய 4 மடங்கு; அடித்துத் துன்புறுத்தியது சுமார் 2 மடங்கு! எல்லாப் பட்டாளத்து வீடும் இப்படி என்று அர்த்தமில்லை; ஏற்கெனவே தொல்லை கண்ட வீடுகளின் கணக்கு இது.

"ஐயோ, பெற்றவளா?" என்று பதறுகிறீர்கள். அவளைத் திட்டுவதற்கு முன் அவள் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். மாற்றலாகி வந்த ஊர். தாய்வீடு எத்தனையோ மைலுக்கு அப்பால். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல். டெலிவிஷனில் குண்டுவெடிப்புச் செய்தி. வாசலில் தெரியாத கார் நின்றால் நெஞ்சு படபடக்கும். ஏனென்றால், அந்த நாட்டில் சாவுச் செய்தியைச் சீருடை அணிந்த அதிகாரிகள் நேரில் வந்துதான் சொல்வார்கள். கவனியாமல் விடுவது என்றால் பட்டினி போடுவது மட்டுமில்லை. சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விடுவதும் அதில் சேர்த்திதான். மாமியாரோடு இருப்பதை அலுத்துக்கொள்ளும் சகோதரிகளே, அழும் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருப்பது எத்தனை பெரிய விஷயம்!

பரிகாரம் தேடாமலும் இல்லை. 2006-ல், குழந்தைகளுக்குப் பிரியமான எல்மோ என்ற சிவப்புப் பொம்மையின் அப்பா ஊரைவிட்டுப் போவதாகப் படமெடுத்து, பட்டாளத்து வீடுகளுக்கு இலவசமாக வழங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்தால், அது பத்து எல்மோவுக்குச் சமம் என்பேன். படைத்தளங்களில் குழந்தைக் காப்பகங்கள் உண்டு. தளத்தில் வசிப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். காவல் படைக் குடும்பங்களோ சாதாரணத் தெருக்களில், நாலா பக்கமும் சிதறி வாழ்கின்றன. வகுப்பில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சிறுவனின் அப்பா எங்கே போயிருக்கிறார் என்று, யாராவது சொன்னாலன்றி, ஆசிரியைக்கும் தெரியாது.