இருளில் ஒரு கைத்துணை: நல்ல டார்ச் லைட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



ஆண்டு மலரில் தல வரலாறும் திருமுறைச் சிந்தனைகளும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை வீட்டுக்கும் கோயிலுக்கும் பயன்படும் ஒரு சிறிய பொருளைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன். தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம், “தொண்டர்களுக்கு டார்ச் லைட் வாங்கித் தரலாமா? எதை வாங்குவது?” என்று அன்பர்கள் பலர் நிர்வாகக் குழுவினரைக் கேட்கிறார்கள். கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் ‘டேக்டிகல்’ என்ற அடைமொழியோடு எத்தனையோ விளக்குகள் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைக் கண்டு மயங்காமல் வாங்க வேண்டும் என்பதற்காக, பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திய முறையிலேயே இதை விளக்க முற்படுகிறேன்.

கைப்பேசி விளக்கு போதாதா?

இக்கேள்வி நியாயமானதே. வீட்டுக்குள் சாவியைத் தேட அது போதும். ஆனால் அதன் ஒளி சில மீட்டர் தூரத்தோடு மங்கிவிடும். மேலும், ஆபத்து வேளையில் 999க்கு அழைப்பதற்கும் பிள்ளைகளுக்குச் செய்தி சொல்வதற்கும் கைப்பேசியில் மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்காக அதைச் செலவழித்துவிட்டால் இரண்டும் இல்லாமல் போகும்.

2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கிலும், 2021 டிசம்பர் 18 முதல் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதிகளிலும் ஏறிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பலர் மேல்மாடியிலும் கூரையிலும் இரவு முழுவதும் காத்திருந்தார்கள். வெள்ளம் ஏறும் இடங்களில் பாதுகாப்பு கருதி மின் விநியோகத்தை நிறுத்திவிடுவதும் வழக்கம். ஆக, வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மின்சாரம் இராது. வெள்ளம் வராத வீட்டிலும் மின்தடையின்போது முதியவர்கள் படியிலோ குளியலறையிலோ தடுக்கி விழுவது உண்டு. இடுப்பெலும்பு முறிந்து படுத்த முதியவர்கள் பலர் பழையபடி நடமாட முடிவதில்லை. ஒரு சிறு விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய துன்பம் அது.

‘டேக்டிகல்’ என்றால் என்ன?

காவலர்களுக்கும் படைவீரர்களுக்கும் ஏற்றவாறு செய்யப்பட்ட விளக்கு என்பதே இதன் பொருள். அலுமினிய உடல், வால் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான், வெகுதூரம் பாயும் ஒளி ஆகியவை இதன் அடையாளங்கள். அமெரிக்காவின் ஷூர்ஃபயர் நிறுவனம் செய்த 6பி என்ற விளக்கு இவ்வகையில் பேர்பெற்றது. இழை பல்பு பொருத்திய அந்தப் பழைய விளக்கின் ஒளி சுமார் 65 லூமென் மட்டுமே. அக்காலத்தில் அதுவே கண்கூசும் வெளிச்சமாக இருந்தது. பிறகு எல்.இ.டி. வந்து நிலைமையை மாற்றியது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளை ஒளி தரும் இன்றைய விளக்குகளுக்கு அதுவே அடிப்படை.

எண்களைப் படிக்கும் முறை

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. கேண்டெலா என்பது அந்த ஒளி ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதன் அளவு. தோட்டத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் அதே அளவுதான். வாயை விரலால் அடைத்தால் தூரமாகப் பீய்ச்சும், விட்டுவிட்டால் அருகில் பரவலாக விழும்.

2009இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட எஃப்.எல்.1 என்னும் தர அளவுகோலை நல்ல உற்பத்தியாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி ‘ஒளி எட்டும் தூரம்’ என்பது, ஒளி முழுநிலவின் வெளிச்சம் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் அளவுக்கு, மங்கிவிடும் தூரமாகும். கணக்கு எளிது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தைக் கண்டு இரண்டால் பெருக்க வேண்டும். 10,000 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 100, தூரம் 200 மீட்டர். ஆனால் அந்த எல்லையில் நிலா வெளிச்சத்தில் தெரிவதுபோல்தான் தெரியும். ஆளைத் தெளிவாக அடையாளம் காண அதில் பாதித் தூரத்தையே நம்பலாம்.

‘எரியும் நேரம்’ என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தையே அப்படிக் குறிக்கிறார்கள். 1,000 லூமெனில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தால், இரண்டு மணி நேரமும் 1,000 லூமென் கிடைக்கும் என்று பொருளல்ல. சூடு ஏறுவதால் சில நிமிடங்களிலேயே விளக்கு தானாக ஒளியைக் குறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு வேண்டும்? வீட்டுக்குள் நடமாட 20 முதல் 50 லூமென் போதும். இரவில் சாலையோரம் நடக்க 100 முதல் 200 வரை. வெள்ளத்தில் ஆள் தேடவும் கோயில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கவும் 500 முதல் 1,000 வரை. உள்ளங்கை அளவு விளக்கில் ‘1,00,000 லூமென்’ என்று அச்சிட்டிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.

பேட்டரி

இன்று பரவலாக வருவது 18650 என்னும் லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். நல்ல நிறுவனங்களின் 18650 பேட்டரிகள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளும். ‘9,900’ என்று எழுதியிருந்தால் அது பொய். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவைக்கவோ, எல்லாரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் செய்யவோ கூடாது.

இதில் ஒரு குறையும் உண்டு. மின்சாரம் இரண்டு நாள் இல்லாவிட்டால் எங்கே சார்ஜ் செய்வது? ஆகவே வீட்டுக்கு இரண்டு விளக்குகள் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று சார்ஜ் செய்யும் விளக்கு. மற்றொன்று, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் எரியும் விளக்கு. சாதாரண அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து விளக்கைக் கெடுத்துவிடும். அதைத் தனியே எடுத்து வையுங்கள். அல்லது, விலை சற்று கூடினாலும், நெடுங்காலம் கெடாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ பேட்டரியைப் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

தண்ணீரும் கையும்

ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைத் தூறலைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.8 அதற்கும் மேல். நம் நாட்டு மழைக்கு 7க்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

வெள்ள நேரத்துக்கு நெற்றியில் கட்டும் விளக்கே சிறந்தது. குழந்தையைத் தூக்க ஒரு கை, கயிற்றையோ சுவரையோ பிடிக்க ஒரு கை என்று இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கும். இது நமக்குப் புதிதன்று. விடியுமுன் ரப்பர் மரம் வெட்டப் போன நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் இருளில் நிரை நிரையாக நடந்தார்கள்.

தற்காப்புக்கு உதவுமா?

ஓரளவு உதவும். இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரெனப் பலத்த ஒளி பட்டால், எதிரில் நிற்பவருக்குச் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. அந்தச் சில நொடிகள் விலகி ஓடவும் கூவி உதவி கேட்கவும்தான். நின்று சண்டையிட அல்ல. பகலில் இந்தப் பயன் மிகக் குறைவு. விட்டுவிட்டு மின்னும் ‘ஸ்ட்ரோப்’ ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக் கூடும் என்பதால் அதை விளையாட்டாகப் பயன்படுத்தக் கூடாது. உண்மையில் விளக்கு தரும் பெரிய பாதுகாப்பு வேறு. காரை நிறுத்திய இடம், வீட்டு வாசல், சந்து முனை ஆகியவற்றை நெருங்குமுன் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எரிய வேண்டும், மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும். பதற்றத்தில் ஐந்து வகை மின்னலைக் கடந்து போகும் விளக்கு யாருக்கும் உதவாது. வாங்குமுன் வீட்டிலுள்ள பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவரால் ஏற்றி அணைக்க முடிந்தால் அது நல்ல விளக்கு.

கோயில் தொண்டர்களுக்கு

திருவிழா இரவில் கோயிலைச் சுற்றி அலங்கார விளக்குகள் நிறைந்திருக்கும். ஆனால் பேருந்தும் காரும் நிறுத்தும் திடலும், கால்வாய் ஓரமும், தற்காலிகக் கழிப்பறைக்குப் போகும் வழியும் இருட்டாகவே இருக்கும். முதியோர் விழுவது அங்கேதான். தொண்டர்கள் ஒளியை நடப்பவரின் காலடிக்குச் சற்று முன்னே, தரையில் காட்ட வேண்டும். முகத்தில் காட்டினால், கண் கூசி அவரே தடுக்கி விழ நேரும். காவடி சுமந்து வருபவர் மீது ஒருபோதும் நேராக அடிக்கக் கூடாது. உதவி கேட்டு அழைக்க மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய ஒளிகள் உலகறிந்த அடையாளம். தொண்டர் அனைவரும் அதைக் கற்றிருப்பது நன்று.

வாங்கிய பின்

விளக்குக்கு நிலையான இடம் ஒன்று வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் ஒன்று, வாசலருகே ஒன்று. மாதம் ஒருநாள், பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது, ஏற்றிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், தரை நனையுமுன் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு விளக்கோடு மேலே செல்லுங்கள். தண்ணீரில் நின்றபடி எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

இவ்வாண்டு விளக்கு உபயம் செய்ய எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலிவான ஐம்பது விளக்குகளைவிட நம்பத்தக்க பத்து விளக்குகள் மேல். கோயில் தேவைக்குப் போக மிஞ்சினால், நம் வட்டாரத்தில் தனியாக வாழும் முதியவர் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்து, ஏற்றி அணைக்கும் முறையையும் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். சந்நிதியில் ஏற்றும் விளக்குக்கு நாம் எண்ணெய் வார்க்கிறோம். அவர் வீட்டுப் படிக்கட்டில் எரியும் விளக்குக்கும் நம்மில் ஒருவர் பொறுப்பேற்கலாம். எல்லாரும் நலமுடன் வாழ எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.