அஞ்சல் படிக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊர்ப் பொதுவிடத்தில் நிற்கும் பலகையில் ஒருவர் செய்தி ஒட்டிச் செல்வார். மற்றொருவர் படித்து மறுமொழி எழுதுவார். இதனையே கணினிக்குள் அமைத்துக் காட்டியவர்கள் சிக்காகோ நகரத்து வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர். 1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர்தம் பலகை தொலைபேசிக் கம்பி வழியே திறக்கப்பட்டது. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் என்பார் இத்தகைய பலகைகள் தமக்குள் அஞ்சல் மாற்றிக்கொள்ள வழி செய்தார். அதுவே ஃபிடோநெட் எனப் பெயர் பெற்றது. ஊதியம் கருதாது, ஆர்வலர்களே தம் செலவில் நடத்தும் வலையமைப்பு இது. சிங்கப்பூர் இதன் ஆறாம் மண்டலமாகிய ஆசியாவில் இருந்தது. 2007இல் அம்மண்டலம் நீக்கப்பட்டு, எஞ்சிய நிலையங்கள் மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டன.

இவ்வஞ்சலைப் படிக்கத் தனி மென்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். அந்நாளில் பெரும்பாலான பலகைகளுக்கு ஒரே தொலைபேசி இணைப்புத்தான் உண்டு. ஒருவர் அமர்ந்து நிதானமாகப் படித்தால், மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும்; தொலைபேசிக் கட்டணமும் ஏறும். ஆகவே, புதிய செய்திகளை ஒரு கட்டாகப் பெற்றுக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டிலிருந்தே படித்து, மறுமொழிகளை இன்னொரு கட்டாகத் திருப்பி அனுப்பும் முறை தோன்றியது. இன்று இணையவழிப் பலகைகளை அடையலாம் எனினும், ஓய்ந்து படித்து ஆய்ந்து எழுத விரும்புவோர்க்கு இம்முறையே ஏற்றது.

கட்டின் அமைப்பு ஒரே வகையன்று. மார்க் ஹெரிங் 1987இல் வகுத்த கியூடபிள்யூகே என்பது ஒன்று. பின்னர் வந்த புளூ வேவ் என்பது மற்றொன்று. நாம் தேரும் மென்பொருள் நம் பலகை தரும் கட்டை அவிழ்க்கவல்லதா என்பதே முதற்கேள்வி. மல்டிமெயில் என்னும் இலவச மென்பொருள் இவ்விரு வகையையும் படிக்கும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய கணினிகளில் இயங்கும்.

இரண்டாவது கேள்வி தமிழாசிரியர்க்கு மிக வேண்டியது. நம் எழுத்து சிதையாமல் போய்ச் சேருமா? கியூடபிள்யூகே அமைப்பில் தலைப்புக்கு 25 பைட்டுகளே இடம். ஆங்கிலத்தில் 25 எழுத்து எழுதலாம். யூடிஎப்-8 முறையில் தமிழின் 'த'வுக்கு மூன்று பைட்டு, 'மி'க்கு ஆறு. 'தமிழ் இலக்கணம்' என்று தலைப்பிட்டால் நமக்கு அது ஒன்பதே எழுத்து; கணினிக்கோ 40 பைட்டு. ஆகவே அது 'தமிழ் இலக' என்று முறிந்து நிற்கும்! இலக்கணம் கற்பிக்கப் புகுந்த இடத்தில் இலக்கணமே குறைபடுவது தகுமா? இக்குறையைப் போக்கக் கியூடபிள்யூகேஇ என்னும் விரிவு உண்டு. ஆனால் பலகையும் மென்பொருளும் இரண்டுமே அதனை ஏற்க வேண்டும். புளூ வேவ் தலைப்புக்கு நீண்ட இடம் தருகிறது. ஃபிடோநெட்டின் சொந்த அமைப்பில் 71 பைட்டு உண்டு. அதில் இத்தலைப்பு முழுமையாக அடங்கும்.

இன்னோர் இடரும் உண்டு. கியூடபிள்யூகே, வரி முடிவைக் காட்ட 227 என்னும் குறியெண்ணை வைத்துள்ளது. ஒருங்குறிக்கு முன் வழங்கிய டிஸ்கி முறையில் அவ்வெண் ஒரு தமிழெழுத்துக்கு உரியது. அவ்வெழுத்து வருமிடமெல்லாம் எழுத்து மறைந்து வரி முறியும். யூடிஎப்-8 தமிழில் 227 வருவதில்லை; 224ம், 128 முதல் 191 வரையுள்ள எண்களுமே வரும். ஆதலின் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அனுப்புதல் நன்று.

மூன்றாவது, நம் உழைப்பின் அளவு. டென்மார்க்கைச் சேர்ந்த ஓடின் சோரன்சன் ஆக்கிய கோல்டெட் ஆற்றல் மிக்கது. அதன் வழித்தோன்றல் கோல்டெட் பிளஸ். ஆனால் அது படிக்கவும் எழுதவும் மட்டுமே. அஞ்சலைக் கொண்டுவர ஒரு மென்பொருளும், பகுதி பகுதியாகப் பிரித்து வைக்க மற்றொன்றும் வேண்டும். சிறு அஞ்சல் நிலையத்தையே வீட்டில் நடத்துவது போன்றது இது. நாள்தோறும் பல பகுதிகளைப் படிப்பவர்க்கு இப்பாடு தகும். கிழமைக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்க்கு மல்டிமெயிலே போதும்.

சேமிப்போரும் ஒன்று கருதுக. கியூடபிள்யூகே கட்டில் ஆண்டு இரண்டே இலக்கத்தில் பதியப்படுகிறது. பின்னாளில் ஆய்வார் மயங்காவண்ணம் கோப்பின் பெயரிலேயே முழு ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும்.

முடிவாக, பிறர் புகழ்ந்தார் என்று எதனையும் கொள்ளற்க. சோதனைப் பகுதியில் தமிழ்த் தலைப்புடன் ஓர் அஞ்சலை நமக்கு நாமே எழுதி அனுப்புவோம். திரும்பி வந்த அஞ்சலில் புள்ளியும் கொம்பும் குறையாதிருக்குமாயின் அதுவே நமக்குரிய மென்பொருள். குறையுமாயின், அது எத்துணைச் சிறப்புடையதாயினும் நமக்கு ஆகாது.