ஆலயத்திற்கு ஏற்ற திரை எது?

திருப்பலிப் பாடல்களைத் திரையில் காட்டும் வழக்கம் நம் பங்குகளில் பரவி வருகிறது. பாடல் எண்ணைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டும் தொல்லை இதனால் நீங்குகிறது. ஆயினும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு எழுத்துத் தெரியாவிடின் அத்திரையால் பயன் என்ன?

முன்பு நான் பணியாற்றிய பங்கில், மக்கள் மனமுவந்து அளித்த காணிக்கையைக் கொண்டு ஒரு புரொஜெக்டர் வாங்கினோம். மாலையில் சோதித்தபோது எழுத்துக்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஞாயிறு காலையிலோ, கிழக்குச் சாளரங்களின் வழியே வெயில் புகுந்ததும் பாடல் வரிகள் வெளிறி மறைந்தே போயின. குறை கருவியினுடையதன்று, பகலில் சோதியாத என்னுடையது. புரொஜெக்டர் ஒளியைத்தான் பாய்ச்ச வல்லது. கருமையைப் பாய்ச்ச எந்தக் கருவியாலும் இயலாது. திரையில் கறுப்பாகத் தோன்றும் இடம் உண்மையில் ஒளி படாத வெண்துணியே. அதன்மீது பகலொளி விழுந்தால் எழுத்தும் பின்புலமும் ஒன்றாகிவிடும். இருட்டாக்கக்கூடிய மறைக்கல்வி அறைக்கு இன்றும் அது நல்ல கருவியே.

தொலைக்காட்சித் திரைகளில் இத்தொல்லை குறைவு. கடைக்காரர் ‘எல்.ஈ.டி. டி.வி.’ என்று விற்பது பெரும்பாலும் எல்.சி.டி. திரையே. பின்னால் எல்.ஈ.டி. விளக்குகள் எரிய, முன்னால் உள்ள திரவப் படிகப் படலம் அவ்வொளியை வேண்டிய இடத்தில் விடுத்தும் தடுத்தும் படம் காட்டுகிறது. ஓ.எல்.ஈ.டி. திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். ஆதலின் அதன் கருமை நிகரற்றது. விலையும் மிகுதி. இரவில் இல்லத்தில் திரைப்படம் காண்போர்க்கு அது ஏற்றது. ஆலயத்திற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே தலைப்பும் சின்னமும் ஒரே இடத்தில் நாள்தோறும் நெடுநேரம் நின்றால், அங்குள்ள புள்ளிகள் விரைவில் தளர்ந்து, அத்தடம் நீங்காத நிழலாய்த் தங்கிவிடக்கூடும்.

இனி அளவு. 55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பது. உயரம் ஏறத்தாழ 27 அங்குலமே. அதில் நான்கு வரிகள் இட்டால் எழுத்து 3 அங்குல உயரம் பெறும். 10 அடித் தொலைவுக்கு 1 அங்குல எழுத்து என்பது அறிவிப்புப் பலகைகளுக்கு வழங்கும் கணக்கு. ஆகவே 30 அடி வரை இடரின்றிப் படிக்கலாம். எட்டு வரிகளைத் திணித்தாலோ அத்தொலைவு பாதியாகும். (பாடகர் குழு இளைஞர்கள் இதைக் கவனிப்பார்களாக!) 60 அடி நீள ஆலயமாயின், பீடத்தருகே ஒன்றும் நடுத்தூண்களில் இரண்டும் பொருத்துவது தகும்.

இப்போதுள்ள பங்கில் எல்.சி.டி. திரை ஒன்றை முதலில் இரவல் பெற்று, காலை 8 மணிக்கு எல்லாச் சாளரங்களையும் திறந்துவைத்து, கடைசி வரிசைப் பாட்டிமாரைப் படிக்கச் சொன்னோம். அவர்கள் தடுமாறாமல் படித்த பின்னரே பணம் கொடுத்தோம்.