சுவரைத் தாண்டும் ‘டும் டும்’

பக்கத்து வீட்டில் பாட்டு ஓடுகிறது. பாடகரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை. புல்லாங்குழலும் கேட்கவில்லை. ஆனால் ‘டும் டும்’ என்ற தாளம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துவிடுகிறது. ஏன் என்று யோசித்ததுண்டா?

இதற்கு விடை தெரிந்தால், உங்கள் வீட்டு ஸ்டீரியோவுடன் சப்வூஃபரைச் சரியாக இணைக்கவும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அலைநீளம்.

பத்து மீட்டர் அலை

நம் காதுகளுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் கேட்கும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 3,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். 35 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 10 மீட்டர்!

இவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய ஒலிபெருக்கியால் அது முடியாது. பெரிய கூம்பு கொண்ட சப்வூஃபர் அந்த வேலையை ஏற்கிறது. வீடுகளில் பயன்படுத்தப்படும் பெரும்பாலான சப்வூஃபர்களுக்குள் தனி ஆம்பிளிஃபயரும் இருக்கும்.

இணைப்பது எப்படி?

முதலில் எல்லாக் கருவிகளையும் அணைத்து, மின்செருகிகளைக் கழற்றுங்கள். கையேட்டையும் ஒருமுறை படியுங்கள்.

ஆம்பிளிஃபயரின் பின்புறம் ‘சப் அவுட்’ துளை இருந்தால் வேலை எளிது. அங்கிருந்து சப்வூஃபரின் ‘லைன் இன்’ துளைக்கு ஓர் ஆர்சிஏ கம்பி போதும்.

அந்தத் துளை இல்லையா? சப்வூஃபரில் ‘ஹை லெவல்’ முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஆம்பிளிஃபயரின் ஒலிபெருக்கி முனைகளிலிருந்து அவற்றுக்குக் கம்பி இழுக்கலாம். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணையுங்கள். ஒலிபெருக்கிக் கம்பியை ‘லைன் இன்’ துளையில் மட்டும் இணைக்காதீர்கள். மிகக் குறைந்த மின்னழுத்தத்துக்காக அமைந்த துளை அது, கருவி பழுதாகக்கூடும்.

திருகிப் பாருங்கள்

சப்வூஃபரில் ‘கிராஸோவர்’ என்ற திருகு இருக்கும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.

அடுத்தது ‘ஃபேஸ்’ விசை. ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும் நேரத்தில் சப்வூஃபர் இழுத்தால், இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எனவே 0, 180 ஆகிய இரண்டு நிலைகளிலும் வைத்துக் கேளுங்கள். எதில் பேஸ் ஒலி நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி.

எங்கே வைப்பது?

பலரும் கோட்டைவிடுவது இங்குதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.5 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர்; அறையின் நீளத்தைப் போல் சரியாக இருமடங்கு. சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் சேர்ந்து, ‘நிலை அலை’ உருவாகிறது. அப்போது அந்த ஒலி சுவரோரம் பலமாகவும் அறையின் நடுவில் மிக மெலிதாகவும் கேட்கும்.

உங்கள் இருக்கை அந்த நடுப்பகுதியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ‘பேஸ் போதவில்லை’ என்று ஒலியைக் கூட்டுவீர்கள். உங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் சுவருக்கு அப்பால் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும்.

காரணம் இதுதான். சுவரை அசைத்துத்தான் ஒலி மறுபக்கம் செல்கிறது. வேகமான அதிர்வுகளுக்குக் கனமான சுவர் எளிதில் அசையாது. மெதுவான அதிர்வுகளுக்குச் சற்று அசைந்து கொடுக்கும். எளிய கணக்குப்படி, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது சுவர் தடுக்கும் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. குரல் நின்றுவிட, ‘டும் டும்’ மட்டும் தப்பிச் செல்வது இதனால்தான்.

ஆகவே, ஒலியைக் கூட்டும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு.

செய்து பாருங்கள்

1. சப்வூஃபரை நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் வையுங்கள்.
2. பேஸ் ஒலி மிகுந்த பாடலை மிதமாக ஒலிக்க விடுங்கள்.
3. சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். தாளம் தெளிவாகவும் சீராகவும் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. சப்வூஃபரை அங்கே மாற்றிவிட்டு, உங்கள் இருக்கைக்குத் திரும்புங்கள்.

இருவர் இடம் மாறிக்கொண்டாலும் அவர்களுக்கு இடையிலான பாதை மாறாது அல்லவா? ஒலிக்கும் அப்படித்தான். அங்கே நன்றாகக் கேட்டது இனி இங்கேயும் நன்றாகக் கேட்கும். ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் இருக்காது. அண்டை வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.