பழைய வண்டி வாங்குமுன்

1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியதை ஒட்டி வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். அதன் குறுக்குத் தெருக்கள் மோட்டார் வண்டியை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் இன்று அங்கே வீட்டுக்கு வீடு பெரிய எஸ்.யூ.வி. வண்டிகள் நிற்பதைக் காண்கிறோம். பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சென்று வர ஒன்று நமக்கும் வேண்டும். புதியது வாங்க இயலவில்லை. பழைய உயர்ரக வண்டியோ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஓர் உண்மையை முதலில் உணர்தல் நலம். ஆண்டுகள் செல்லச் செல்ல வண்டியின் விலை இறங்குகிறது. அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்குவதில்லை. சில உயர்ரக வண்டிகளைக் காற்றடைத்த ரப்பர்ப் பைகளே தாங்குகின்றன. வயதானால் அவை வெடிப்புக் காணும். மாற்றுவதற்குப் பெருந்தொகை ஆகும். நகருக்கு அருகில் பிடதியில் உருவாகும் டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்றவற்றுக்குப் பாகங்கள் எளிதில் கிடைக்கும். அயல்நாட்டிலிருந்து வரவேண்டிய பாகத்திற்கோ வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

எப்படி ஓடிய வண்டி என்பதும் முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் அக்கரி தானே எரிந்து போகும். சம்பிகே சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே சென்று திரும்பும் வண்டியில் அது அடைத்துக் கொள்ளும். நமது பயணம் அத்தகையதாயின் பெட்ரோல் வண்டியே ஏற்றது.

பார்க்கச் செல்லும்போது யந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில் செல்வோம். முதலில் கிளம்பும் ஓசையில் பல குறைகள் வெளிப்படும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்ப்போம். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று ஐயுற வேண்டும். 2022 செப்டம்பரில் பெங்களூரில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கியதை மறத்தற்கில்லை.

வெளிமாநில வண்டியாயின் அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்ததா என்பதையும், பழுது பார்த்த ரசீதுகளையும் சரிபார்ப்போம்.

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. முதலாண்டுப் பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, எஞ்சியதில் வண்டியைத் தேடுவதே குடும்பத்துக்கு ஏற்ற வழியாகும்.