தேடலின் இலக்கணம்

நூலக ஆய்வுத்திறன் என்பது, ஒரு வினாவை அதன் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளுக்குரிய பதிவுகளை ஒழுங்குற அமைந்த தொகுப்பினின்று முறையாக மீட்டு, மீட்டவற்றின் தகுதியை எடையிட்டு, பிறர் மீண்டும் சரிபார்க்கத் தக்க வகையில் குறித்து வைக்கும் ஆற்றலாகும். அது பகுத்தல், தேடல், தொடர்தல், மதித்தல், பதிதல் என ஐந்தாக விரியும். இவற்றுள் பகுத்தலே ஏனைய நான்கிற்கும் வேர். நம் பல்கலைக்கழகங்களில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும் அதுவே. நூலை அடுக்கில் வைத்தவர் நடந்த வழியிலேதான் நூலைத் தேடுவோரும் நடந்தாக வேண்டும். ஆதலின், அடுக்கும் நெறியை அறியாதார்க்குத் தேடும் நெறி கைவருவது அரிது.

அடுக்கும் நெறிகளுள் உலகெங்கும் பரவியது, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876 ஆம் ஆண்டு வெளியிட்ட பதின்மப் பகுப்பு. அறிவனைத்தையும் 10 பெருவகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் மீண்டும் மீண்டும் பத்தாகப் பிரித்துச் செல்வது அதன் முறை. 500 என்பது அறிவியல், 510 கணிதம், 540 வேதியியல். இம்முறையில் ஆங்கில இலக்கியம் 820 என்னும் மூன்று இலக்கத்தில் அமர்ந்திருக்க, தமிழிலக்கியமோ 894.811 எனப் புள்ளிக்கு அப்பாலும் நெடுந்தொலைவு தள்ளி வைக்கப்பட்டுள்ளது. வகுத்தவர் நின்ற இடமே வகுப்பின் நடுவாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. தமிழ்மொழியும் இலக்கணமும் 494.811 என்னும் வேறோர் எண்ணில் உள்ளன. தொல்காப்பியத்தையும் சங்கப் பாட்டையும் ஒருங்கே ஆயும் மாணவர் இரண்டு தொலைவான அடுக்குகளுக்கு நடக்க வேண்டியிருப்பது இதனாலேயே. இரண்டு எண்களையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டால் நடை மட்டுமே மிகும்; நூல் தப்பாது.

டூயியின் முறை, அறிவை ஏற்கெனவே வகுத்து முடிந்த அறைகளாகக் காண்கிறது. புதிய பொருள் தோன்றும்போது அதற்கு அறை இராது. இக்குறையைக் கண்டவர் சீர்காழியில் 1892 ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு கற்பித்து வந்த அவர், 1924 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, நூலகவியல் கற்க இலண்டன் சென்றார். அங்கே ஒரு கடையில், துளையிட்ட தகடுகளையும் பட்டைகளையும் திருகுகளையும் வெவ்வேறாகக் கூட்டிப் பல்வேறு பொறிகளை ஆக்கும் சிறுவர் விளையாட்டுக் கருவியொன்றைக் கண்டார். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு உறுப்புகளைக் கூட்டிக் குறிக்கலாமே என்ற எண்ணம் அங்கு முளைத்ததாக அவரே கூறியிருக்கிறார். உறுப்புகளை முக்காற்புள்ளியால் இணைத்ததால் 1933 இல் வெளிவந்த அம்முறைக்கு முக்காற்புள்ளிப் பகுப்பு என்றே பெயராயிற்று. எந்த நூலின் பொருளும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைக் கூறுகளால் ஆவது என்பது அவர் பின்னர் நிறுவிய கொள்கை.

தமிழ் மாணவர்க்கு இக்கொள்கை புதிதாகத் தோன்றாது. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என ஆறாகப் பகுப்பதை நாம் பள்ளியிலேயே ஓதியிருக்கிறோம். அரங்கநாதன் இலக்கணத்திலிருந்து எடுத்தார் என நான் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆயினும் உலகிலுள்ளவற்றைப் பெயரிட்டு நிறுத்த முயன்ற இலக்கணியும், நூலின் பொருளை எண்ணிட்டு நிறுத்த முயன்ற நூலகரும் ஏறத்தாழ ஒரே பாகுபாட்டை அடைந்தனர் என்பது எண்ணி மகிழத் தக்கது. நமக்கு அது பயன்படவும் செய்கிறது. காவிரிப் படுகையில் சம்பாப் பருவத்தில் நெல்லைத் தாக்கும் குலைநோயைக் கட்டுப்படுத்துதல் என்பது ஒரு வேளாண் மாணவரின் தலைப்பு எனக் கொள்வோம். பொருள், நெல்; சினை, இலையும் கதிர்க்கழுத்தும்; பண்பு, நோயுற்றமை; தொழில், கட்டுப்படுத்தல்; இடம், காவிரிப் படுகை; காலம், சம்பாப் பருவம். தலைப்பு ஆறு கூறாகப் பிரிந்து நின்றதும், எது கருவானது, எது வரம்பு மட்டுமே என்பது தானே புலப்படுகிறது.

பிரித்த கூறுகளைத் தேடற்கோவையாக்குவது அடுத்த படி. ஜார்ஜ் பூல் 1854 ஆம் ஆண்டு வெளியிட்ட எண்ணவியல் நூலில் வகுத்த குறியீட்டுக் கணக்கே இன்றைய தேடற்பொறிகளின் அடித்தளம். அதன் மூன்று செயல்களை உம்மை, அல்லது, விலக்கு என வழங்கலாம். ஒரே கூறுக்குள் அடங்கும் ஒருபொருட் சொற்களை ‘அல்லது’ கொண்டு சேர்க்க வேண்டும். வெவ்வேறு கூறுகளை உம்மையால் கோக்க வேண்டும். முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். விலக்கினை மிகச் சிக்கனமாகவே ஆள வேண்டும். கோதுமைக் கட்டுரைகள் வேண்டா எனக் கோதுமையை விலக்கினால், நெல்லையும் கோதுமையையும் ஒப்பிட்டு எழுதப்பெற்ற நல்ல கட்டுரையும் உடன் போய்விடும். ஆறு கூறுகளையும் ஒருங்கே இட்டுத் தொடங்குவதும் தவறு. கருவான இரண்டைக் கொண்டு தொடங்கி, இடத்தையும் காலத்தையும் பின்னர்ச் சேர்ப்பதே என் பரிந்துரை.

தமிழில் தேடும்போது மட்டும் எழும் ஓர் இடர்ப்பாட்டை இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும். பொறி எழுத்துகளை ஒப்பிடுகிறதேயன்றிப் புணர்ச்சியை அறிவதில்லை. ‘நெல்’ எனத் தேடினால், சொல்லின் பகுதியையும் பொருத்திப் பார்க்கும் பொறி ‘நெல்லில்’, ‘நெல்லின்’ என்பனவற்றைக் காட்டும், ‘நெற்பயிர்’ வாராது. லகர ஒற்று றகர ஒற்றாகத் திரிந்தமையால், இலக்கணம் ஒன்றாகக் கண்ட சொல் கணினிக்கு இரண்டாகிவிட்டது. ‘நூல்’ தேடுவார்க்கு ‘நூற்பட்டி’ தப்புவதும் இவ்வாறே. ஆகவே திரிந்த வடிவங்களையும் ‘அல்லது’ வரிசையில் சேர்த்தாக வேண்டும். வேற்றெழுத்தில் அமைந்த நூற்பட்டிகளிலோ இடர் வேறு. அமெரிக்க நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் பெயர்க்கும்போது சகரத்திற்கு ‘எஸ்’ இடுவதில்லை, ‘சி’ இடுகின்றன. சங்கம், சாமிநாதையர் முதலான சொற்களை நாம் பழகிய எழுத்தில் இட்டுத் தேடினால், இருக்கும் நூல் இல்லாததாகத் தோன்றக்கூடும்.

தேடலின் வெற்றியை அளக்க இரண்டு அளவைகள் உள. பொருந்துவனவற்றுள் எத்தனை கிட்டின என்பது நிறைவு. கிட்டியவற்றுள் எத்தனை பொருந்துவன என்பது செறிவு. தொகுப்பில் பொருந்தும் கட்டுரைகள் 100 இருக்க, தேடலில் 200 வந்து, அவற்றுள் 80 பொருந்துமாயின், நிறைவு நூற்றுக்கு 80. செறிவு நூற்றுக்கு 40. ஒன்றை உயர்த்தினால் மற்றது தாழும் போக்கினை, இங்கிலாந்தின் கிரான்பீல்டில் சிரில் கிளவர்டன் நடத்திய ஆய்வுகள் 1960களில் எடுத்துக்காட்டின. முனைவர் பட்ட ஆய்வுக்கு நிறைவு இன்றியமையாதது. வகுப்புக் கட்டுரைக்குச் செறிவே போதும். எது வேண்டும் என முன்னரே முடிவு செய்யாத மாணவர், இரண்டும் இல்லாத குவியலில் அமிழ்கிறார்.

சொல்லால் தேடிக் கிட்டாதது மேற்கோளால் கிட்டும். நல்ல கட்டுரை ஒன்றின் சான்றுப் பட்டியலைப் பற்றிப் பின்னோக்கிச் செல்வது பழைய முறை. அக்கட்டுரையைப் பின்னர் எவரெவர் மேற்கோள் காட்டினர் என முன்னோக்கிச் செல்லவும் வழி வேண்டும் என்று 1955 ஆம் ஆண்டு யூஜின் கார்பீல்டு முன்மொழிந்தார். 1960களில் உருப்பெற்ற மேற்கோள் அடைவு அதன் விளைவு. ஒரு கட்டுரையின் முன்னோரையும் வழித்தோன்றல்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பு ஆய்வாளர்க்கு அதனால் கிட்டிற்று.

எவ்வளவு தொலைவு தேடுவது என்ற வினாவுக்கும் ஓர் ஒழுங்கு விடை தருகிறது. இலண்டன் அறிவியல் காட்சியக நூலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பிராட்போர்டு, பயன்பாட்டுப் புவி இயற்பியல் குறித்த 1,332 கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் வந்தன எனக் கணக்கிட்டு 1934 இல் வெளியிட்டார். முதல் 9 இதழ்களில் மட்டும் 429 கட்டுரைகள். அடுத்த 59 இதழ்களில் 499. எஞ்சிய 404 கட்டுரைகளோ 258 இதழ்களில் சிதறிக் கிடந்தன. கட்டுரைத் தொகை ஏறத்தாழ ஒத்திருக்க, இதழ்த் தொகை மட்டும் படிக்குப் படி பெருக்கத்தில் வளர்கிறது. சிதறல் போலத் தோன்றிய ஒன்றிலும் இத்தகைய ஒழுங்கு உறைகிறது. தம் துறையின் அந்த முதல் ஒன்பதை அறிந்த மாணவர் பாதி வழி கடந்தவர். ஆயினும் அவற்றோடு நின்றவர் மூன்றில் இரு பங்கினைக் காணாதவர்.

கிட்டியவற்றை மதிக்குமிடத்து, எழுதியவர் யார், எந்தப் பதிப்பு, எத்தகைய திறனாய்வுக்குப் பின் வெளிவந்தது என்பன கேட்கத் தக்க வினாக்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தைத் தலைப்பை முடிவு செய்யும் முன்னரே ஒருமுறை துழாவுதல் நலம். முடிந்துபோன ஆய்வை மீண்டும் செய்யும் வீண் உழைப்பு அதனால் தவிரும்.

இறுதியாகப் பதிதல். எந்த நாளில், எந்தத் தொகுப்பில், எந்தக் கோவையை இட்டு, எத்தனை பதிவுகள் பெற்று, அவற்றுள் எத்தனையை எக்காரணத்தால் நீக்கினோம் என்பதை ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். புதிய கோவைகளும் முன்னர்க் கண்ட கட்டுரைகளையே திரும்பத் திரும்பத் தரத் தொடங்குவது அக்குறிப்பேட்டில்தான் முதலில் தெரியவரும். அப்போது தேடலை நிறுத்திப் படிக்கத் தொடங்கலாம்.