46610 என்ற கல்லுக்குப் பெயர் வந்த கதை

'குட்டி இளவரசன்' படித்திருக்கிறீர்களா? பிரான்ஸ் நாட்டு விமானி அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதி 1943இல் வெளிவந்த கதை. அதில் இளவரசனுக்குப் பெயரே கிடையாது. அவன் ஆசையாக வளர்ப்பது ஒரு ரோஜா, பழகுவது ஒரு நரி. ரோஜா, நரி இரண்டும் பொதுப்பெயர்கள். எந்த ரோஜாவையும் ரோஜா என்று சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றை மட்டும் சுட்டுவது தனிப்பெயர். காவிரி, மதுரை, உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாம் அந்த வகை. இளவரசன் குடியிருக்கும் சிறுகோளுக்குக் கதையில் அப்படி ஒரு பெயர் உண்டு: பி612.

நிஜ வானத்தில் சிறுகோள்கள் லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றுகின்றன. புதிதாக ஒன்றைக் கண்டால், முதலில் கண்ட ஆண்டை வைத்து ஒரு தற்காலிக அடையாளம் தருவார்கள். அதன் சுற்றுப்பாதை நன்றாகத் தெரிந்த பிறகு நிரந்தர எண். பெயர் அதற்கும் பிறகுதான், அதுவும் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒப்புக்கொண்டால். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. வேறொரு பெயரோடு குழம்பவும் கூடாது. பெரும்பாலான சிறுகோள்களுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை.

1993இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு 46610 என்ற எண் கிடைத்தது. கணினிக்காரர்கள் பதினாறின் அடுக்குகளிலும் எண்களை எழுதுவார்கள். ஒன்பதுக்கு மேல் இலக்கம் இல்லாததால் பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொள்வார்கள். இப்போது பி612ஐ நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 11×4096, 6×256, 1×16, கடைசியில் 2. கூட்டினால் 46610! அதனால் அதற்கு 'பெசிஸ்தூஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் பி-ஆறு-பன்னிரண்டு என்று சொன்னால் அப்படித்தான் ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வானியல் பெயர் இதுதான்.

கதையிலிருந்து வந்த வானியல் பெயர் இது ஒன்று மட்டும் அல்ல. சனியின் நிலாவான டைட்டனில் உள்ள மலைகளுக்கும் எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் மலைகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

வானத்தில் மட்டுமல்ல, பூமியிலும் இப்படிக் கதையிலிருந்து பெயர் வருவதுண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கத்துக் காட்டில் ஒரு சிலந்தி இருக்கிறது. நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். பார்த்தால் காய்ந்த இலைபோல் இருக்கும். அதன் வடிவம் ஹாரி பாட்டர் கதையின் மந்திரத் தொப்பியை நினைவூட்டியதால், 2016இல் ஆய்வாளர்கள் அதற்கு 'எரியோவிக்சியா கிரிஃபிண்டோரி' என்று பெயரிட்டார்கள். கதையில் கிரிஃபிண்டர் ஒரே ஓர் ஆள், அந்தத் தொப்பியின் முதல் சொந்தக்காரர். காட்டிலோ அந்த இனத்தில் பிறக்கும் ஒவ்வொரு சிலந்திக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் ஆள்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும் அல்லவா? விலங்கின் அறிவியல் பெயரில் வரும் இரண்டாவது சொல், ஆள்பெயரிலிருந்து வந்திருந்தாலும், சிறிய எழுத்தில்தான் தொடங்கும்.